கம்ப்யூட்டர் ஸ்லோவா? புதுசு வாங்கறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

பவர் பட்டனை அமுக்கிட்டு, குளிச்சு, சாப்பிட்டுட்டு வந்து பார்த்தா அப்பதான் டெஸ்க்டாப் வந்திருக்கும். குரோம் ஐகானை டபுள் கிளிக் பண்ணா ஒண்ணும் நடக்காது. சந்தேகத்துல இன்னும் ரெண்டு தடவை கிளிக் பண்ணுவோம். ஒரு நிமிஷம் கழிச்சு மூணு குரோம் ஒண்ணா திறக்கும்.

இப்படி ஒரு மெஷின் நம்மில் நிறைய பேர் வீட்டுல இருக்கு. அண்ணன் காலேஜ் சேர்ந்தப்ப வாங்கினதா இருக்கலாம். அக்காவுக்கு அரசாங்கத்தின் இலவச லேப்டாப் திட்டத்தில் கிடைச்சதா இருக்கலாம். அப்பா ஆபீஸில் கழிச்சு விட்ட டெஸ்க்டாப்பா இருக்கலாம். கடைக்குத் தூக்கிட்டுப் போனா பெரும்பாலும் ஒரே பதில்தான்: "இது பழசு தம்பி, புதுசு வாங்கிடுங்க." அன்னைக்கு ராத்திரியே வீட்டில் இ.எம்.ஐ. கணக்கு ஆரம்பிச்சிடும். ஏற்கனவே செமஸ்டர் ஃபீஸ், ஹாஸ்டல் ஃபீஸ்னு ஓடிட்டு இருக்கற வீட்டுல இது சின்ன விஷயம் இல்ல.

அந்தக் கணக்கைப் போடறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. மெஷின்ல எந்தப் பாகம் மெதுவா இருக்குன்னு கண்டுபிடிக்க முடியும். கண்டுபிடிச்சிட்டா, பல நேரம் செலவே இல்லாமலும், சில நேரம் கொஞ்சம் செலவிலும் சரி பண்ணிடலாம்.

கம்ப்யூட்டருக்கு நிஜமாவே வயசாகுமா?

ப்ராசஸர் களைச்சுப் போகாது. 2015-ல் 2 கிகாஹெர்ட்ஸில் ஓடின சிப், இன்னைக்கும் வினாடிக்கு அதே 200 கோடி துடிப்புதான் துடிக்குது. அப்புறம் ஏன் மெதுவாகுது? மூணு காரணம்.

முதல் காரணம், மெஷின் மாறல, அதுல ஓடற சாஃப்ட்வேர் பெருத்துப் போச்சு. பாஸ்கல் மொழியை உருவாக்கிய நிக்லாஸ் விர்த் 1995-லேயே இதைப் பத்தி எழுதிட்டார். ஹார்ட்வேர் வேகமாகற வேகத்தை விட, சாஃப்ட்வேர் மெதுவாகற வேகம் அதிகம்ங்கறதுதான் அவர் சொன்னதோட சாரம். இன்னைக்கு இதை 'விர்த் விதி'ன்னே சொல்றாங்க. பத்து வருஷத்துக்கு முன்னாடி ஒரு வெப்சைட் எழுத்தும் படமுமா இருந்தது. இன்னைக்கு அதே வெப்சைட் ஒரு முழு அப்ளிகேஷன்.

ரெண்டாவது, நாம ஏத்தி வெச்ச சுமை. எப்பவோ இன்ஸ்டால் பண்ணின பிரிண்டர் டூல், கேம் லாஞ்சர், ட்ரையல் முடிஞ்ச ஆன்டிவைரஸ் எல்லாம் மெஷின் எழுந்திருக்கறப்பவே கூட எழுந்து உட்கார்ந்துக்கும்.

மூணாவதுதான் நிஜமான வயசு. ஹார்ட் டிஸ்க், ஃபேன், ப்ராசஸர் மேல தடவியிருக்கற தெர்மல் பேஸ்ட், பேட்டரி. தேயறதும் காயறதும் இவைதான். நல்ல செய்தி என்னன்னா, இதுல பெரும்பாலானதை மாத்திக்கலாம்.

முதல்ல நோயைக் கண்டுபிடிங்க

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அமுக்கினா டாஸ்க் மேனேஜர் வரும். அதுல 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தைத் திறந்து வெச்சுட்டு, தினமும் பண்ற வேலையையே பண்ணுங்க. குரோம்ல நாலு டேப், ஒரு வேர்ட் ஃபைல், ஒரு பி.டி.எஃப். எப்ப மெஷின் திணறுதோ, அப்ப எந்த வரைபடம் உச்சியில ஒட்டிக்கிட்டு நிக்குதுன்னு பாருங்க.

• டிஸ்க் 100 சதவீதத்துல நின்னா, ஹார்ட் டிஸ்க்தான் முட்டுக்கட்டை.
• மெமரி 85, 90 சதவீதத்தைத் தாண்டி அங்கேயே இருந்தா, ரேம் போதல.
• சி.பி.யூ. 100-ல் நின்னா, எந்த ப்ரோகிராம் தின்னுதுன்னு 'ப்ராசஸஸ்' பக்கத்துல பாருங்க.
• சி.பி.யூ. பிஸியா இருக்கு, ஆனா அதுக்குக் கீழே காட்டற வேகம் 'பேஸ் ஸ்பீட்' அளவை விட ரொம்பக் கீழே இறங்கிடுச்சுன்னா, பெரும்பாலும் சூடுதான் காரணம். சிப் தன்னைக் காப்பாத்திக்க வேகத்தைக் குறைச்சுக்குது.

இந்த ஒரு டெஸ்ட் பண்ணாம ரேம் வாங்கறது, பிளட் டெஸ்ட் எடுக்காம மாத்திரை சாப்பிடற மாதிரி.

டிஸ்க் 100 சதவீதம், ஆனா வேகம் 0.3 எம்.பி. எப்படி?

இதைப் பார்த்து நிறைய பேர் குழம்புவாங்க. டாஸ்க் மேனேஜர் காட்டற அந்த 100, எவ்வளவு டேட்டா போச்சுங்கறது இல்ல. டிஸ்க் எவ்வளவு நேரம் வேலையா இருந்துச்சுங்கறது. கணக்கு போட்டா புரியும்.

லேப்டாப் ஹார்ட் டிஸ்க் பொதுவா நிமிஷத்துக்கு 5400 சுத்து சுத்தும். அதாவது வினாடிக்கு 90. ஒரு சுத்துக்கு 11 மில்லி செகண்ட். நமக்கு வேண்டிய இடம் தலைக்கு அடியில வர சராசரியா அரைச் சுத்து காத்திருக்கணும், அது 5.5 மில்லி செகண்ட். அதுக்கு முன்னாடி தலை சரியான தடத்துக்கு நகரணும், அதுக்கு இன்னொரு 10 மில்லி செகண்ட். மொத்தம் சுமார் 15. அப்ப ஒரு வினாடிக்கு அறுபத்தஞ்சு தடவைக்கு மேல அங்கங்க தாவிப் படிக்க முடியாது. ஒவ்வொரு தாவலிலும் 4 கே.பி. படிச்சா, வினாடிக்கு கால் எம்.பி.தான்! அதே டிஸ்க் ஒரு பெரிய சினிமா ஃபைலை வரிசையா படிச்சா 100 எம்.பி. வரை கொடுக்கும். ஆனா விண்டோஸ் எழுந்திருக்கறப்ப வரிசையா படிக்காது. ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைலை மூலைக்கு மூலை ஓடித் தேடும்.

எஸ்.எஸ்.டி.யில் சுத்தறதுக்கும் நகர்றதுக்கும் ஒண்ணும் இல்ல. எல்லாமே சிப். ஒரு தேடலுக்கு சுமார் 0.1 மில்லி செகண்ட். ரேமுக்கு சுமார் 100 நானோ செகண்ட்.

இந்த எண்கள் மனசுல நிக்காது, அதனால பெருசாக்கிப் பார்ப்போம். ரேம்ல இருந்து எடுக்க 1 வினாடி ஆகுதுன்னு வெச்சுக்கங்க. மேஜை மேல இருக்கற நோட்டை எடுக்கற நேரம். அதே அளவுல எஸ்.எஸ்.டி.க்கு 17 நிமிஷம் ஆகும். தெருமுனைக் கடைக்குப் போய் நோட்டு வாங்கிட்டு வர்ற நேரம். ஹார்ட் டிஸ்க்குக்கு? 41 மணி நேரத்துக்கு மேல. சென்னையில ரயில் ஏறி டெல்லி போய்ச் சேர்ந்து, அங்க ஒரு தூக்கமும் போட்டு எழுந்திருக்கற நேரம். ஒவ்வொரு ஃபைலுக்கும் இந்தப் பயணம்.

இதுல இன்னொரு கிளை இருக்கு. ரேம் நிறைஞ்சு போனா, விண்டோஸ் கொஞ்சத்தை எடுத்து டிஸ்க்கில் 'பேஜ் ஃபைல்'ங்கற இடத்துல போட்டு வைக்கும். நீங்க அந்த டேபுக்குத் திரும்பினா, மறுபடியும் டிஸ்க்கில் இருந்து கொண்டு வரணும். அதனால டிஸ்க் 100 காட்டினாலும், பின்னாடி இருக்கற நோய் ரேம் பற்றாக்குறையா இருக்கலாம். ரெண்டு வரைபடத்தையும் சேர்த்துப் பாருங்கன்னு சொல்றது அதுக்குத்தான்.

எதையும் தொடறதுக்கு முன்னாடி: பேக்கப்

ஸ்லோவா இருக்குங்கறது சில சமயம் வெறும் எரிச்சல் இல்ல, எச்சரிக்கை. சாகப்போற ஹார்ட் டிஸ்க்கின் முதல் அறிகுறியே மந்தம்தான். ஒரு இடத்தைப் படிக்க முடியாம திரும்பத் திரும்ப முயற்சி பண்ணும், நமக்கு மெஷின் உறைஞ்சு போன மாதிரி தெரியும்.

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு. டிஸ்க் தன்னைப் பத்தியே எழுதி வெச்சிருக்கற ஹெல்த் ரிப்போர்ட்டை அது படிச்சுக் காட்டும். நீல நிறத்துல 'குட்'னு வந்தா ஓரளவு நிம்மதி. மஞ்சள்ல 'காஷன்'னு வந்தா, அதுவும் 'ரீஅலோகேட்டட் செக்டர்ஸ்' எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் ஏறினா, இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திட்டு முதல்ல பேக்கப் எடுங்க. 'டக் டக்'னு சத்தம் வந்தா ஸ்கேன், டிஃப்ராக் எதுவும் ஓட்டாதீங்க. ரொம்ப முக்கியமான ஃபோல்டரை மட்டும் முதல்ல காப்பி பண்ணுங்க.

ப்ராஜெக்ட் ரிப்போர்ட் ஒரே ஒரு இடத்துல மட்டும் இருந்தா, அது இல்லாத மாதிரிதான். வீட்டு போட்டோவுக்கும் அதேதான். தாத்தா போட்டோ திரும்பக் கிடைக்காது. ஒரு காப்பி பென்டிரைவ்ல, ஒண்ணு கிளவுடில்.

பைசா செலவில்லாத வேலைகள்

1. ஸ்டார்ட்-அப் குறைப்பு. விண்டோஸ் 8-லிருந்து டாஸ்க் மேனேஜர்லயே 'ஸ்டார்ட்-அப்' பக்கம் இருக்கு. ஆன்டிவைரஸ், டச்பேட், சவுண்ட் டிரைவர் தவிர மத்ததை டிசேபிள் பண்ணுங்க. டிசேபிள் பண்ணா ப்ரோகிராம் அழியாது, கூப்பிடும்போது மட்டும் வரும்.

2. ஒரே ஒரு ஆன்டிவைரஸ். விண்டோஸ் 10, 11-ல் டிஃபெண்டர் கூடவே வருது. வீட்டு உபயோகத்துக்கு அது போதும். ட்ரையல் முடிஞ்சதை எல்லாம் அன்இன்ஸ்டால் பண்ணுங்க.

3. ப்ரவுசர் சுத்தம். எக்ஸ்டென்ஷன் ஒவ்வொண்ணும் மெமரி தின்னும். உபயோகிக்காததை நீக்குங்க. குரோம், எட்ஜ் ரெண்டிலும் செட்டிங்ஸ்ல மெமரி சேமிக்கற வசதி இருக்கு. தொடாத டேபைத் தூங்க வெச்சிடும்.

4. சி டிரைவ்ல இடம். ஐந்துல ஒரு பங்காவது காலியா இருக்கட்டும். செட்டிங்ஸ்ல 'ஸ்டோரேஜ்' போனா எது இடத்தை அடைக்குதுன்னு வரிசையா காட்டும்.

5. ஷட் டவுன் வேற, ரீஸ்டார்ட் வேற. விண்டோஸ் 8-லிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்-அப்' ஆன்ல இருந்தா, ஷட் டவுன் பண்ணினாலும் விண்டோஸின் உள்பகுதி அப்படியே டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு, அடுத்த நாள் அதையே எடுத்து ஓட்டும். முழுசா புதுசா ஆரம்பிக்கறது ரீஸ்டார்ட்லதான். வாரத்துக்கு ஒரு தடவையாவது ரீஸ்டார்ட் பண்ணுங்க.

6. தூசி. லேப்டாப்பை மெத்தை மேல, தலகாணி மேல வெச்சு ஓட்டாதீங்க, காத்து போற வழி அடைஞ்சிடும். டெஸ்க்டாப்பா இருந்தா பிளக்கைப் பிடுங்கிட்டு, பக்கவாட்டுக் கதவைக் கழட்டி, பெயிண்ட் பிரஷ்ஷால தூசி தட்டுங்க. ஃபேன் இறக்கையை விரலால பிடிச்சுக்கங்க, இல்லைன்னா ஊதற வேகத்துல அது கன்னாபின்னான்னு சுத்தும். நாலஞ்சு வருஷம் தாண்டின மெஷின்ல தெர்மல் பேஸ்ட் காய்ஞ்சிருக்கலாம். மாத்தத் தெரியலைன்னா கடையில கொடுங்க.

பண்ணவே வேண்டாதது

டெஸ்க்டாப்ல ரைட் கிளிக் பண்ணி ரீஃப்ரெஷ், ரீஃப்ரெஷ்னு அடிக்கறது. அது ஐகானை மறுபடி வரையுது, அவ்வளவுதான். மெஷின் வேகமாகாது. விரலுக்குத்தான் பயிற்சி.

ரேம் பூஸ்டர், ரேம் கிளீனர். காலியா இருக்கற ரேமை விண்டோஸ் சும்மா விடாது, அடுத்து தேவைப்படறதை முன்கூட்டியே எடுத்து வெச்சிருக்கும். கிளீனர் அதைத் துடைச்சு எடுத்தா, எண் அழகா குறையும், ஆனா எல்லாத்தையும் மறுபடி டிஸ்க்கில் இருந்து கொண்டு வரணும். டெல்லி ரயிலை ஞாபகம் வெச்சுக்கங்க.

ரெஜிஸ்ட்ரி கிளீனர். மைக்ரோசாஃப்டே இவற்றை ஆதரிக்கறதில்லைன்னு சொல்லியிருக்கு. லாபம் கண்ணுக்குத் தெரியாது, ஏதாவது உடைஞ்சா நல்லாத் தெரியும்.

எஸ்.எஸ்.டி.யை டிஃப்ராக் பண்றது. டிஃப்ராக் சுத்தற டிஸ்க்குக்கானது. எஸ்.எஸ்.டி.க்கு தேவையான 'ட்ரிம்' வேலையை விண்டோஸ் தானே பண்ணிக்கும்.

கிராக் சாஃப்ட்வேர். நம்ம ஹாஸ்டலில் பென்டிரைவ் வழியா சுத்தறது எல்லாம் சும்மா வர்றதில்ல. சிலது உங்க ப்ராசஸரை வெச்சு யாருக்கோ கிரிப்டோ தோண்டிக் கொடுக்கும். சும்மா இருக்கும்போதும் ஃபேன் கத்தினா சந்தேகப்படுங்க.

காசு செலவு பண்றதா இருந்தா

முதல் செலவு எஸ்.எஸ்.டி., ரெண்டாவது ரேம். டாஸ்க் மேனேஜர் வேற மாதிரி சொன்னா ஒழிய, இந்த வரிசையை மாத்தாதீங்க.

ஹார்ட் டிஸ்க் இருக்கற பழைய லேப்டாப்புக்கு 2.5 இன்ச் சாட்டா எஸ்.எஸ்.டி. பெரும்பாலும் அப்படியே பொருந்தும். பழைய டிஸ்க் இருந்த அதே இடம், அதே கனெக்டர். 256 ஜி.பி. போதும். பழைய ஹார்ட் டிஸ்க் ஆரோக்கியமா இருந்தா தூக்கிப் போடாதீங்க, ஒரு யு.எஸ்.பி. கேஸ் வாங்கிப் போட்டா எக்ஸ்டர்னல் டிஸ்க் ஆயிடும். பழையதை அப்படியே குளோன் பண்ணலாம், ஆனா பழைய குப்பையும் சேர்ந்து வரும். முடிஞ்சா விண்டோஸைப் புதுசா போடுங்க.

ரேம் வாங்கறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பாருங்க. சி.பி.யூ.-இசட்னு ஒரு இலவச டூல் இருக்கு, அதுல எல்லாம் தெரியும். ஒண்ணு, டி.டி.ஆர்.3-யா, 4-ஆ? ஒண்ணுல ஒண்ணு நுழையாது. ரெண்டு, டி.டி.ஆர்.3-ஆ இருந்தா 1.5 வோல்ட்டா, 1.35 வோல்ட்ல ஓடற டி.டி.ஆர்.3-எல்-ஆ? 1.35 மட்டும் ஏத்துக்கற லேப்டாப்பில் 1.5 போட்டா ஓடாது. மூணு, காலி ஸ்லாட் இருக்கா, இல்ல ரேம் போர்டிலேயே சால்டர் பண்ணிட்டாங்களா? இன்னொண்ணு, விண்டோஸ் 32-பிட்டா இருந்தா 4 ஜி.பி.க்கு மேல எவ்வளவு ரேம் போட்டாலும் அதுக்குத் தெரியாது. 64-பிட்டுக்கு மாறணும்.

சென்னைக்காரங்க ரிச்சி தெருவுல ரெண்டு மூணு கடை ஏறி விலை கேளுங்க. ரேம் விலை ஏறி இறங்கிட்டே இருக்கும், அதனால ஆன்லைன் விலையையும் அன்னைக்கே பாருங்க. வாரன்டி பில் கட்டாயம். கழட்டும்போது பேட்டரி உப்பியிருந்தா, டச்பேட் மேல எழும்பியிருந்தா, அதை அமுக்கவோ குத்தவோ கூடாது. மெஷினை ஆஃப் பண்ணி அப்படியே கடைக்குக் கொண்டு போங்க.

பலன் எப்படி இருக்கும்? பக்கத்து ரூம் ஜூனியரோட லேப்டாப் 5-ம் தலைமுறை ஐ3, 4 ஜி.பி. ரேம், 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க். அவங்க ஊர்க் கடையில புதுசு வாங்கச் சொல்லிட்டாங்க. அவங்க அப்பா டெய்லர். பவர் பட்டன் அமுக்கி ஒரு வெப்சைட் திறக்க நாலு நிமிஷத்துக்கு மேல ஆச்சு. எஸ்.எஸ்.டி. போட்டு, விண்டோஸ் புதுசா ஏத்தினோம். இப்ப அரை நிமிஷம். அடுத்த மாசம் இன்னொரு 4 ஜி.பி. ரேம் போட்டான். புது லேப்டாப் விலையில ஒரு சின்னப் பங்குதான் மொத்தச் செலவு. போன வாரம் அதுலதான் ஆன்லைன் கோடிங் டெஸ்ட் எழுதினான். ஆனா ஒண்ணு, ப்ராசஸர் அதேதான். பெரிய சிமுலேஷன் ஓட்டினா முன்னாடி எவ்வளவு நேரமோ இப்பவும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

விண்டோஸ் 10 முடிஞ்சாச்சு, இனி?

2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிஞ்சது. வீட்டு உபயோகத்துக்கு, பதிவு பண்ணிக்கிட்டா 2026 அக்டோபர் 13 வரை செக்யூரிட்டி அப்டேட் வரும். விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 வேணும், இன்டெல்லா இருந்தா பொதுவா 8-ம் தலைமுறை அல்லது அதுக்கு மேல வேணும். அப்ப நம்ம பழைய மெஷின்?

லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை ஒரு தடவை பாருங்க. 4 ஜி.பி. ரேமில் வசதியா ஓடும். இன்ஸ்டால் பண்ணாமலேயே பென்டிரைவ்ல இருந்து ஓட்டி, வைஃபை, சவுண்ட் எல்லாம் வேலை செய்யுதான்னு பார்த்துக்கலாம். சி, பைத்தான், மேட்லேப், கைகேட் எல்லாம் லினக்ஸில் ஓடும். தமிழ்99-ல டைப் பண்ணவும் வசதி இருக்கு. ஆனா ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ் லினக்ஸுக்கு இல்ல. மெக், சிவில் நண்பர்கள் யோசிச்சு முடிவெடுங்க, இல்லைன்னா ரெண்டு ஓ.எஸ்.ஸையும் பக்கத்துல பக்கத்துல போட்டுக்கங்க.

எப்ப விட்டுடலாம்?

மதர்போர்டு போயிருந்தா, ரேம் 2 ஜி.பி.யோட சால்டர் ஆகியிருந்தா, டிஸ்ப்ளேவும் பேட்டரியும் ஒண்ணா போயிருந்தா, செலவு பண்ணாதீங்க. உங்க பாடத்துக்கு நிஜமாவே கிராஃபிக்ஸ் கார்டு வேணும்னாலும் பழசைத் தட்டிக்கொட்டி பிரயோஜனம் இல்ல. அப்ப புதுசு வாங்கறது நியாயமான செலவு. பழசைக் குப்பைத்தொட்டியில போடாம, இ-வேஸ்ட் எடுக்கறவங்ககிட்ட கொடுங்க. கொடுக்கறதுக்கு முன்னாடி ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டி வெச்சுக்கங்க, அதுல உங்க ஆதார் ஸ்கேன் முதல் வீட்டு போட்டோ வரை எல்லாம் இருக்கு.

மத்தவங்களுக்கு, அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது செய்ய வேண்டியது இதுதான்: பேக்கப், டாஸ்க் மேனேஜர், ஸ்டார்ட்-அப், தூசி. இந்த நாலுக்கும் ஒரு ஞாயித்துக்கிழமை காலை போதும். அதுக்கப்புறமும் டிஸ்க் 100-லயே நின்னா, எஸ்.எஸ்.டி. வாங்கற காசைப் பத்தி அப்பாகிட்ட பேசுங்க. டாஸ்க் மேனேஜரை ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கங்க. "புதுசு வாங்கிடுங்க"ன்னு யாராவது சொன்னா, எந்தப் பாகம் போச்சுன்னு அதைக் காட்டிக் கேளுங்க.